எலும்போடு கிடந்த சன்னம்

“அதுவும் உள்ளுக்குத்தான் கிடக்கு, தம்பி. எடுக்கேல்லை.”

“எது, அக்கா?”

“அவற்ற இடுப்புக்குள்ள கிடந்தது.”

சேர்ட்டை மடித்துக்கொண்டிருந்த தயாபரன் அப்படியே நின்றான். சேர்ட்டின் ஒரு கை கீழே தொங்கியது. அவனுக்கு முன்னால், சந்திரமதியின் சமையலறை மேசையில், அவனுடைய பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது. ஒரு பக்கம் சொக்லேட், ஷாம்பு, தங்கச்சி மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கிய சீலை. மறுபக்கத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான். அதற்குள் வைப்பதற்காகச் சந்திரமதி இரண்டு துவாய்களையும் தன் கணவன் குணசேகரத்தின் அஸ்திக் கலசத்தையும் எடுத்து வந்திருந்தாள்.

“உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு நான் சும்மா பழக்கத்தில கேட்டனான், அக்கா. அவர் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்.”

“அவரும் இருக்கிறார். அதுவும் இருக்கு.”

அது அவனுடைய பழக்கம்தான். சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்த பிறகு தயாபரன் ஊருக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பீல் நகரத்தில் உள்ள தமிழாட்களில் பாதிப் பேர் பார்சலோடு வருவார்கள். எல்லாவற்றையும் தன் கண்ணுக்கு முன்னால் திறந்து காட்டவேண்டும் என்பது அவன் சட்டம். போனமுறை ஒருத்தர் கொடுத்துவிட்ட நோவெண்ணெய்ப் போத்தலின் மூடியைக் கழற்றி மணந்து பார்த்துவிட்டு, அரை நாள் கண்ணீர் விட்டான். கலசத்தைத் திறக்கச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கேள்வி மட்டும் வாயில் வந்துவிட்டது.

“சன்னம், தம்பி. அவருக்குச் சூடு பட்டது தெரியாதோ?”

“பதினொரு வருசம் ஒரே குசினியில கோப்பை கழுவினனாங்கள். இடுப்பில வாதம் எண்டெல்லோ சொன்னவர்!”

“அவர் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னவர்.”

குணசேகரம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் யாரோ சுட்ட சன்னம் அது. இடது இடுப்பெலும்பின் ஓரத்தில் போய் நின்றுவிட்டது. நரம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது, தொடவேண்டாம் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னார். பேர்ணில் ஒரு டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அதையே ஜெர்மனில் சொன்னார். அதனால் அது அங்கேயே பத்தொன்பது வருடம் இருந்தது. பனி கொட்டுவதற்கு முதல் நாளே அவருடைய இடுப்பு சொல்லிவிடும். தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவள் பிழைவிட்ட நாட்களிலும் அது பிழைவிட்டதில்லை. கட்டிலில் அவர் எப்போதும் வலப்பக்கம் சாய்ந்துதான் படுப்பார். அவருக்கு இடப்பக்கம் சந்திரமதி. இருவருக்கும் நடுவில் அது.

வைகாசியில் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, குணசேகரம் போய்விட்டார். கடைசியாகத் தெளிவாகச் சொன்னது, “என்னை இந்தக் குளிருக்குள்ள விட்டிடாதை” என்பதுதான். வெளியில் மரமெல்லாம் தளிர்த்து வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் குளிர்ந்தது.

எரிக்கிற இடத்தில் சாம்பல் நிற உடுப்புப் போட்ட ஒரு மனிதர், உடம்பில் உலோகம் ஏதாவது இருந்தால் வழக்கமாகக் காந்தத்தால் பிரித்து எடுத்துவிடுவோம் என்று சொன்னார். மகள் கிருசிகா அதை மொழிபெயர்த்தாள். சந்திரமதி சட்டென்று, “வேண்டாம் எண்டு சொல்லு. ஒண்டையும் பிரிக்க வேண்டாம்” என்றாள். ஊரில் என்றால் மறுநாள் பால் தெளித்து, ஒவ்வொரு எலும்பாகத் தங்கள் கையாலேயே பொறுக்கியிருப்பார்கள். இங்கே அதைச் செய்ய விடவில்லை. வேறெதையும் தெரிவு செய்ய முடியாததால் அவள் இதை ஒன்றைத் தெரிவு செய்தாள். அந்த மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டார். கலசத்தின் மூடியைச் சுற்றி முத்திரை குத்திய தாள்பட்டை ஒன்றை ஒட்டிக் கையில் கொடுத்தார்.

“அக்கா, இஞ்ச பாருங்கோ.” தயாபரன் சேர்ட்டைக் கதிரையில் போட்டான். “கட்டுநாயக்கா எயாப்போட்டில பெட்டியை ஸ்கானுக்குள்ள விடுவாங்கள். திரையில அவர் தெரியமாட்டார். இதுதான் தெரியும். பிறகு நான் எங்க இருக்கிறன் எண்டு ஆரும் கண்டுபிடிக்க ஏலாது.”

“சும்மா ஒரு துண்டு இரும்பு.”

“அங்க ஒண்டும் சும்மா இல்லை. கட்டுநாயக்கா தாண்டினாலும் ஓமந்தையில ஆமி. ஆமிக்குப் பிறகு இயக்கம். முகமாலையில இவையள் ஒருக்கா சோதிப்பினம், அவையள் ஒருக்கா. இது எந்தப் பக்கத்துச் சன்னம்? அதையெண்டாலும் சொல்லுங்கோ.”

சந்திரமதி யோசித்தாள். அகதி விண்ணப்பத்துக்கு அவர் அந்த எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தபோது யார் சுட்டது என்று கேட்டார்கள். ஆமி என்று எழுதிக்கொடுத்தார். அவளிடம் ஒருநாள், “சுட்டவனை எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

“தெரியாது.”

“பாத்தியளோ. ரெண்டு பக்கமும் அதைத்தான் கேப்பாங்கள்.”

வாசலில் சாய்ந்து நின்ற கிருசிகா, “நான் கொண்டுபோறன் அம்மா” என்றாள். கொண்டுபோக முடியாது என்று தெரிந்தே சொன்னாள். தாயினுடையதும் மகளினுடையதும் ஒரே நீல நிற அகதிப் பயணப் புத்தகம். அதன் உள்ளே, இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அச்சடித்திருந்தது. உலகத்தில் எந்தக் கடலிலும் அவர்கள் போய்க் குளிக்கலாம். யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் மட்டும் முடியாது. புதன்கிழமை அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். அன்றைக்குச் சாம்பல் கீரிமலைக் கடலில் கரையவேண்டும். அதற்கு இருந்த ஒரே வழி தயாபரன்தான். சித்திரைக்குப் பிறகு ஊரில் கிளைமோர் குண்டுகள் வெடிக்கத் தொடங்க, போக இருந்தவர்களெல்லாம் ரிக்கெற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சடங்குக்குத் தாய்மாமன் நிற்கவேண்டும் என்பதால் அவன் மட்டும் போகிறான்.

“இஞ்சத்த ஏரியில விட்டால் என்ன அக்கா? கனபேர் அங்கதான் விடுகினம்.”

“அது ஐஸ்தண்ணி.”

தயாபரன் சேர்ட்டை மறுபடி எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

கிருசிகா விமான நிறுவனத்துக்குப் போன் எடுத்தாள். கலசத்தைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பலாமா என்று போன கிழமையே கேட்டு வைத்திருந்தாள். சான்றிதழோடு அனுப்பலாம் என்றிருந்தார்கள். அதனால் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. சன்னத்தைப் பற்றி மட்டும், யாருடையது என்று சொல்லாமல் கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண் எதையோ பார்த்து வாசித்தாள். அவள் வாசிக்க வாசிக்கக் கிருசிகா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“விளையாட்டுக்குச் சுடுற ஆக்கள் கொண்டுபோகலாமாம்... அஞ்சு கிலோ வரைக்கும்... கீழ ஏத்துற பெட்டிக்குள்ள மட்டும்தானாம், கையில கொண்டுபோக ஏலாது... முதலே அறிவிக்கவேணும்... ஒரிஜினல் பெட்டிக்குள்ளயே இருக்கவேணுமாம்.”

“ஒரிஜினல் பெட்டியோ?” என்றான் தயாபரன். “ஒரிஜினல் பெட்டியைத்தானே போனமாதம் எரிச்சனாங்கள்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னான் என்பது அவனுக்கே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டான். கிருசிகா போனை நெஞ்சோடு அழுத்தினாள். சந்திரமதி முதலில் அவனைப் பார்த்தாள், பிறகு கலசத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவர் போன நாளிலிருந்து அவள் சிரிக்கவில்லை. தோள்கள் குலுங்கின.

“கையிலதான் கொண்டுவந்தவர், தம்பி. கட்டுநாயக்காவில மெஷின் கீச்சிட்டதாம். பெல்டைக் கழட்டிக் காட்டிப்போட்டு வந்தவராம். அறிவிக்கவும் இல்லை, ஒண்டும் இல்லை.”

அவள் சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். அது கனநேரம் ஓடியது. வெளியே எதிர்வீட்டுப் பல்கனிகளில் சிவப்புச் சுவிஸ் கொடிகள் தொங்கின. உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்காக யாரோ ஒரு பெடியன் ஊதுகுழலை ஊதிக்கொண்டு சைக்கிளில் போனான்.

அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

“சரி. எடுப்பம்” என்றாள். “அவரெண்டாலும் போகட்டும்.”

சந்திரமதி பத்து வருடமாக மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். முத்திரைத் தாளை மெல்லிய அலகால் ஒரு நூலளவும் கிழியாமல் வெட்டினாள். வெட்டிய கோடு கண்ணுக்கே தெரியவில்லை. குணசேகரத்தின் வெள்ளை வேட்டி ஒன்றை மேசையில் விரித்துச் சாம்பலை அதில் மெதுவாகச் சரித்தாள். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த, பனிமலைப் படம் போட்ட காந்தத்தைக் கிருசிகா பிடுங்கிக் கொடுத்தாள். சாம்பல் ஒட்டாமல் இருக்கச் சந்திரமதி அதை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, சாம்பலின் மேலே, நித்திரை கொள்கிற பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோனாள்.

முதலில் சவப்பெட்டியின் ஆணி வந்தது. பிறகு இரண்டு சின்னக் கம்பிகள். தயாபரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டிக் என்று ஒரு சத்தம்.

அவள் வேலைக்குப் பாவிக்கிற சாமணத்தால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சின்னவிரல் நுனியளவு கறுப்பு. உள்ளே இருந்த ஈயம் உருகி ஓடிவிட, வளைந்த இரும்புத் தோல் மட்டும் மிஞ்சியிருந்தது. வெறும் கூடு. இவ்வளவு சின்னதா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பனிக்காலம் முழுவதும் அவரைத் திருப்பித் திருப்பிப் போட்டது இதுவா?

“இன்னொருக்காப் பாருங்கோ அக்கா. துண்டு கிண்டு...”

அவள் இன்னொருக்கா தடவினாள். அவன் கேட்காமலே மூன்றாம் தரமும் தடவினாள். ஒன்றும் வரவில்லை. சாம்பல் திரும்பக் கலசத்துக்குள் போனது. மூடி போனது. துவாய்களுக்கு நடுவில் வைத்து, பிள்ளைக்குப் போர்ப்பதுபோல ஓரங்களை மடித்துச் செருகி, தயாபரனின் கண்ணுக்கு முன்னால் பெட்டியைப் பூட்டினாள். தராசில் கொழுவிப் பார்த்த தயாபரன், “அண்ணை உயிரோட இருக்கேக்க இவ்வளவு லேசா ஒரு நாளும் பயணம் செய்யேல்லை” என்றான். இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சன்னம் ஒரு தேநீர்த் தட்டில் கிடந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மூவரும் சேர்ந்தே ரயிலில் போனார்கள். ஒல்ரனில் ரயில் நின்றபோது, எட்டாம் நாள் செலவுக்கு வந்து மந்திரம் சொன்ன, பக்கத்துத் திரிம்பாக் கோயில் ஐயரை நினைத்துச் சந்திரமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுடைய கைப்பையில், சில்லறைக் காசு போடும் சின்ன அறைக்குள், சன்னம் இருந்தது. அதை வீட்டில் தனியே விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டாள். மறுமொழி கிடைப்பதற்குள் ஆரா ஸ்ரேசனும் போய்விட்டது.

சூரிச் விமான நிலையத்தில் கொழும்புக்குப் போகிற வரிசை நீளமாக இல்லை. கயிறு சுற்றிய பெட்டிகளோடு நாலைந்து குடும்பங்கள். தயாபரனின் முறை வந்தது. கருநீல உடுப்புப் போட்ட இளம்பெண் ஒருத்தி கடவுச்சீட்டை வாங்கினாள். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டாள். படங்கள் போட்ட அட்டை ஒன்றைக் காட்டி, ஒவ்வொரு பயணியிடமும் கேட்கிற அதே குரலில், “வாஃபன்? முனிற்சியோன்?” என்றாள். ஆயுதமோ ரவைகளோ இருக்கிறதா?

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தயாபரன் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூன்று தடவை அகதி விசாரணைக் கதிரையில் இருந்தவன். முதல் விசாரணையில், முக்கியமில்லை என்று நினைத்து ஒரு நாளைச் சொல்லாமல் விட்டான். அந்த ஒரு நாளுக்காக அவன் வழக்கு நாலு வருடம் இழுபட்டது. கேட்டதற்கு முழுசாகச் சொல்லவேண்டும், பாதி சொன்னால் பொய் என்று எழுதுவார்கள் என்று அன்றைக்குப் படித்தது எலும்புக்குள் போயிருந்தது.

“நேற்று இருந்தது” என்றான் அவன், நல்ல ஜெர்மனில். “இப்ப இல்லை. எடுத்துப்போட்டம்.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. கை மட்டும் தொலைபேசிக்குப் போனது.

இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். மூவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். சாமத்தியச் சீலையின் மடிப்பை விரித்தார்கள். கலசத்தை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார்கள். வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு மெஷினுக்குள் வைத்து வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதில் ஒன்றும் வரவில்லை. மீசைக்காரப் பொலிஸ், அப்படியானால் அது இப்போது எங்கே என்று கேட்டார். தயாபரன் சந்திரமதியைப் பார்த்தான்.

“குடுங்கோ அம்மா” என்றாள் கிருசிகா, மெதுவாக.

சந்திரமதி சில்லறைகளோடு அதை எடுத்து மேசையில் வைத்தாள். பொலிஸ்காரர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். “கலாஷ்னிகோவ்” என்றார், தன் தோட்டத்துச் செடி ஒன்றின் பெயரைச் சொல்வதுபோல. பிறகு நிமிர்ந்து, யாருடையது என்றார்.

“என்ர அப்பான்ர” என்று கிருசிகா தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனில் சொன்னாள். பத்தொன்பது வருடத்தையும் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். தன் அனுதாபத்தைச் சொன்னார். இது ரவை இல்லை, சுட்டு முடிந்த சன்னம், இப்போது வெறும் பழைய இரும்பு, பெட்டிக்குள் வைத்து அனுப்பினாலும் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்றார். அதைச் சந்திரமதியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தயாபரன் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து மூச்சு விட்டான்.

விமான நிறுவனத்தின் மேலதிகாரி ஒருத்தி இவ்வளவு நேரமும் கதவருகில் சான்றிதழை வாசித்துக்கொண்டு நின்றாள். அவள் வந்து கலசத்தின் மூடியைச் சுற்றி விரலால் தடவினாள். கண்ணுக்குத் தெரியாத அந்த வெட்டில் அவளுடைய நகம் நின்றது.

முத்திரையிட்ட கலசம் என்று இதில் போட்டிருக்கிறது, முத்திரை வெட்டியிருக்கிறது என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று இனி யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஏற்ற முடியாது. எரித்த இடத்தில் கொடுத்து மறுபடி முத்திரை வைத்துக்கொண்டு வாருங்கள். அது திங்கட்கிழமைதான் திறக்கும்.

கிருசிகா ஜெர்மனில் கதைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளோடு கதைக்கிற பேர்ண் ஜெர்மனில் கதைத்தாள். பிறகு அதே மொழியில் அழுதாள். மேலதிகாரி அவளுடைய தோளில் கை வைத்தாள். ஆனால் சரி என்று தலையை அசைக்கவில்லை. மீசைக்காரப் பொலிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இது தங்கள் வேலை இல்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

பெட்டியின் மறுபக்கம் மீண்டும் வெறுமையானது. தயாபரன் சீலையை எடுத்து அங்கே பரப்பி வைத்தான். பெட்டி பட்டியில் ஏறி, ரப்பர்த் திரைக்குள் நுழைந்து மறைந்தது. கலசத்தைத் துவாயால் சுற்றிக் கிருசிகா நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப்பெண் தூரத்திலிருந்து, குழந்தையாக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

உள்ளே போகிற வாசலில் மூவரும் நின்றார்கள்.

“நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம், அக்கா” என்றான் தயாபரன். கண் கலங்கியிருந்தது. “ஒரு சொல்லு. இல்லை எண்டு.”

“உண்மையைத்தானே சொன்னியள்.”

“சடங்கு திங்கட்கிழமை. இல்லாட்டி நிண்டிருப்பன். சத்தியமா நிண்டிருப்பன்.”

“தெரியும் தம்பி.”

“வந்த பிறகு, அடுத்தமுறை...” என்று தொடங்கினான். அடுத்தமுறை என்று ஒன்று இருக்குமா என்பது அவனுக்கும் தெரியாது. மேலே பலகையில் எழுத்துகள் படபடவென்று புரண்டு, கொழும்புப் பயணிகளை உள்ளே போகச் சொன்னன. அவன் கைப்பையைத் தோளில் மாட்டினான். இரண்டு அடி வைத்தான்.

“தம்பி.”

திரும்பினான்.

சந்திரமதி அவனுக்குக் கிட்டப் போனாள். அவளுடைய வலது கை மூடியிருந்தது. விரல்களைத் திறந்தாள். இவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருந்ததில் அது உள்ளங்கையில் ஒரு குழி பதித்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அம்மா, வேண்டாம். வாங்கோ” என்றாள் கிருசிகா பின்னாலிருந்து.

சந்திரமதி கையை மடக்கவில்லை.

“இதுக்குத் தடை இல்லையாம். அந்தப் பொலிஸே சொன்னவர். நீங்களும் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்தானே. பத்தொன்பது வருசம் அவரோட கிடந்தது, தம்பி. அவரோடயே எரிஞ்சது. கொஞ்சமெண்டாலும் அவர் இதில ஒட்டியிருப்பார். அவரைத்தான் கொண்டுபோக ஏலாது. இதையெண்டாலும் கொண்டுபோய்க் கீரிமலையில போட்டுவிடுவியளோ?”